பிரம்பு போகட்டும், அளவுகோல் எது?

சிதம்பரம் என்றதும் பக்தர்கட்குப் பொன்னம்பலம் நினைவிற்கு வரும். நமக்கோ நந்தன் நினைவு வருகிறது. ஆதனூர்ச் சேரியிலே பிறந்து, தில்லையைக் கண்டுவிடத் துடித்து, நாளைப் போவேன், நாளைப் போவேன் என்றே நாட்களைக் கழித்து, அதனாலேயே திருநாளைப்போவார் எனப் பெயர் பெற்ற நந்தன்! அவன் கதை எப்படி முடிகிறது? தீயிலே மூழ்குகிறான், மூழ்கி எழும்போது பூணூல் புரளும் மார்புடைய முனிவனாக எழுகிறான், அதன் பின்னரே ஆலயத்தின் கதவு அவனுக்குத் திறக்கிறது. இது பெரியபுராணம் கூறும் முடிவு. 19ஆம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கதையைக் கீர்த்தனையாக்கியபோது, இடையிலே வேதியப் பண்ணையார் ஒருவர் புகுந்தார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்றார்!

கதையைக் கதையாகவே கொள்வோம். ஆனால் அதற்குள்ளே ஒரு கல்விமுறை ஒளிந்துகிடக்கிறதே, அதைக் கவனித்தீர்களா? நந்தன் பணிகிறானா என்று பார்க்கிறார்கள். பொறுக்கிறானா என்று பார்க்கிறார்கள். உழைக்கிறானா, காத்திருக்கிறானா, கடைசியில் வேகவும் இசைகிறானா என்றுகூடப் பார்க்கிறார்கள். அத்தனை தேர்விலும் தேறியவனுக்குப் பரிசு உண்டு. ஆனால், கதவை அடைத்து வைத்தவன் நடத்தையை எவராவது அளந்தார்களா? நாற்பது வேலி கேட்ட வேதியனுக்கு மதிப்பெண் போட்டவர் யார்? இல்லை! அளக்கப்பட்டவன் அடியிலே கிடந்தவன் மட்டுமே. அளவுகோல் இருந்ததோ மேலே இருந்தவன் கையில்.

பழைய கதை எதற்கு இப்போது என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. பள்ளிப்பிள்ளைகளின் நடத்தையைத் திருத்தப் புதிய புதிய திட்டங்கள் பேசப்படுகின்ற காலம் இது. அவற்றைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டிய கடமை பகுத்தறிவு பேசும் இளைஞருக்கு உண்டு. சீர்தூக்குமுன், துலாக்கோலைப் பிடித்திருக்கும் கை எது என்று பார்க்க வேண்டுமல்லவா?

சிதம்பரத்திலே ஒரு நாள்

1916ஆம் ஆண்டு. சாமி சகசானந்தர் இதே சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். கோயிற்கதவு நந்தனுக்குத் திறக்கத் தீ வேண்டியிருந்தது. பள்ளிக்கதவு நந்தன் பேரப்பிள்ளைகட்குத் திறக்க ஒரு மனிதனின் உறுதி போதுமாயிருந்தது. சேரிப்பிள்ளைகளைத் தேடித் திரட்டி எழுத்தறிவித்தார் அவர். சட்டமன்றத்திலே அமர்ந்து அம்மக்களுக்காக வாதாடினார். 1959இல் மறைந்தார். அவர் துறவி, நாம் நாத்திகர். எனினும் அந்தப் பணியை வணங்காத தலை நம்மிடம் இல்லை.

105 ஆண்டுகள் கழிந்தன. 2021 அக்டோபர். சிதம்பரத்தில் நந்தனார் பெயரையே தாங்கி நிற்கும் அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி. வகுப்பிற்கு ஒழுங்காக வரவில்லை என்பதற்காகப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் சிலர் முழங்காலிட வைக்கப்பட்டனர். அவருள் ஒருவர் பிரம்பால் அடிக்கப்பட்டார்; காலால் உதைக்கப்பட்டார். வகுப்பிலிருந்த எவரோ அதைக் கைப்பேசியில் படமெடுக்க, படம் ஊரெங்கும் நாடெங்கும் பரவ, ஆசிரியர் கைது செய்யப்பட்டார்.

தனி ஒருவரைத் தூற்றுவது நமது நோக்கமன்று. தூற்றி முடித்துவிட்டால் சிந்திக்க வேண்டிய வேலை தீர்ந்துவிட்டதென்று பலர் எண்ணிவிடுகிறார்கள். நாம் கேட்பது வேறு. அந்த அடி விழுந்தது இருட்டறையிலன்று. பட்டப்பகலில், பாடவேளையில், மற்ற மாணவர் பார்த்திருக்க விழுந்தது. அது வெளியே வந்தது பள்ளியின் எந்தப் பதிவேட்டின் வழியாகவும் அன்று. ஒரு மாணவனின் கைப்பேசி வழியாக! பையன் வகுப்பிற்கு வராததைக் குறிக்க வருகைப் பதிவேடு இருக்கிறது. அவன் வந்தபோது என்ன நேர்ந்தது என்பதைக் குறிக்க எந்த ஏட்டிலே இடம் இருக்கிறது?

சட்டம் இல்லாமலா இருந்தது? 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு கல்வி விதிகளைத் திருத்தி, மாணவரை அடிப்பதற்கு இடந்தந்த பகுதியை நீக்கியது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்து 17ஆம் பிரிவு, உடலை வருத்துவதையும் மனத்தை வதைப்பதையும் ஒருசேரத் தடுக்கிறது. எனினும் 2024ஆம் ஆண்டிலே சென்னை உயர்நீதிமன்றம் குறுக்கிட்டு, அடிமுறையை ஒழிப்பதற்கான வழிகாட்டு நெறிகளைச் செயற்படுத்துமாறு பள்ளிக்கல்வித் துறையைப் பணிக்க வேண்டியிருந்தது! 2003க்கும் 2024க்கும் இடையே 21 ஆண்டுகள். சட்டம் பிறந்த நாளில் பிறந்த குழந்தை, பள்ளியை முடித்து, கல்லூரியையும் முடித்துவிடக்கூடிய காலம்.

இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் கேட்டறிந்ததைச் சொல்கிறது. பள்ளி செல்லும் பிள்ளைகளில் நூற்றுக்கு 65 பேர் தாம் அடிக்கப்பட்டதாகக் கூறினர். அந்த 13இல் தமிழ்நாடு சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்படாததால் நாம் நிமிர்ந்து நடக்கலாம் என்று நினைப்பவர், தம் ஊர்ப் பிள்ளைகளின் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

மேலைநாட்டு மருந்து

பிரம்பைக் கீழே போடச் சொன்னதும் ஒரு குரல் எழும்: "அடிக்காவிட்டால் பிள்ளை கெடும், பிரம்பு போனதால்தான் பள்ளி பாழாயிற்று!" இக்குரலுக்கு மறுப்பாக மேலைநாட்டிலே எழுந்த முறையொன்று உண்டு. பள்ளி முழுவதற்குமான நன்னடத்தை ஊக்கத் திட்டம் என்று அதனைத் தமிழிலே கூறலாம். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஜார்ஜ் சுகாய், ராபர்ட் ஹார்னர் போன்றோர், 1990களில் இதற்கு உருக்கொடுத்தனர். இன்று அந்நாட்டிலே பல்லாயிரம் பள்ளிகளில் நடைமுறையில் இருக்கிறது.

அதன் அடிப்படை எளிது. கணக்கைக் கற்பிப்பது போலவே நடத்தையையும் கற்பிக்க வேண்டும். கணக்கில் தவறு செய்தவனுக்கு மறுபடி சொல்லிக் கொடுக்கிறோம். நடத்தையில் தவறு செய்தவனை மட்டும் ஏன் அடிக்கிறோம்? ஆகவே மூன்று, நான்கு எதிர்பார்ப்புகளை எளிய சொற்களில் வகுத்து, வகுப்பறையிலும் விளையாட்டுத் திடலிலும் சாப்பிடும் இடத்திலும் அவற்றைப் பழக்குகிறார்கள். நன்றாக நடந்துகொண்ட பிள்ளையை உடனுக்குடன் பாராட்டுகிறார்கள். தவறு நேர்ந்தால் எங்கே, எப்போது, எதனால் என்று குறித்துவைத்துச் சூழ்நிலையை மாற்றப் பார்க்கிறார்கள். 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 80 பேருக்கு இந்த முதற்படியே போதும். 15 பேருக்குக் கூடுதல் துணை வேண்டும். எஞ்சிய 5 பேருக்குத் தனித்தனிக் கவனம் வேண்டும் என்பது அவர்கள் வகுத்த மூன்று படிகள்.

இதிலே நாம் மகிழ்ந்து வரவேற்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கெட்ட நடத்தைக்குக் காரணம் பிறவியன்று, குலமன்று, முன்வினையன்று. சூழ்நிலையும் பழக்கமுமே காரணம். சூழ்நிலையை மாற்றினால் நடத்தை மாறும் என்பதே இம்முறையின் உயிர். தலையெழுத்தை நம்பாதே என்று நாம் மேடைதோறும் சொன்னதன் பள்ளிக்கூடப் பதிப்பு இது!

இதன் அருமை தெரிய வேண்டுமானால், நம் ஊரிலே நன்னெறி என்ற பெயரால் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் பள்ளியில் ஊக்கமூட்ட அழைக்கப்பட்ட ஒருவர் முற்பிறவியையும் பாவபுண்ணியத்தையும் பேசினார்; உடற்குறையோடு பிறப்பதும் முன்வினைப் பயன் என்றார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அதே மேடையருகே எழுந்து எதிர்த்துக் கேட்டார். அந்தப் பேச்சாளர் பின்னர்க் கைது செய்யப்பட்டார். எதிர்த்து எழுந்த அந்த ஆசிரியருடைய ஒரு கேள்வி, ஓராண்டு நன்னெறி வகுப்பிற்கு ஈடு. முன்வினை பேசுகிறவன் குழந்தையைத் திருத்துவதில்லை. குழந்தையின் துன்பத்திற்குக் குழந்தையையே குற்றவாளியாக்குகிறான். பிரம்பாவது கையிலே தழும்பு வைக்கும். இந்தப் பேச்சு நெஞ்சிலே வைக்கும்.

ஆகவே, பிரம்பைவிட ஊக்கத் திட்டம் மேல். முன்வினைச் சொற்பொழிவைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால், மேலானது என்பதாலேயே கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வதா? அப்படி ஏற்றால் அதுவும் ஒரு மதமாகிவிடாதா?

கணக்கு சொல்வதும் சொல்லாததும்

அத்திட்டத்தார் தம் முறைக்குச் சான்று காட்டுகிறார்கள். அது பாராட்டத்தக்கது, பிரம்புக்காரர் எந்நாளும் சான்று காட்டியதில்லை. மேரிலாண்டு மாநிலத்தில் 37 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல்முறையில் சிலவற்றிற்குப் பயிற்சி தந்து, சிலவற்றிற்குத் தராமல் வைத்து, ஐந்தாண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2010இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற பள்ளிகளில், தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்படும் மாணவர் தொகையும் இடைநீக்கம் செய்யப்படுவோர் தொகையும் குறைந்தன. நேர்மையான ஆய்வு, நல்ல முடிவு.

ஆனால் ஒன்றைக் கூர்ந்து கவனியுங்கள். அங்கே எண்ணப்பட்டது எது? தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்பட்ட சீட்டு! அச்சீட்டை எழுதுவது ஆசிரியர். அனுப்பாதே, வகுப்பிலேயே சமாளி என்று பயிற்றுவிக்கப்பட்டவரும் அதே ஆசிரியர். சீட்டுகள் குறைந்தன என்றால், தவறுகள் குறைந்தனவா, அல்லது எழுதுவது குறைந்ததா? இரண்டும் கலந்திருக்கலாம். போலீஸ் நிலையத்திலே புகாரை வாங்க மறுத்துவிட்டு, என் எல்லையில் குற்றமே இல்லை என்று கூறும் அதிகாரியை நாம் அறிவோம். ஏடு சுத்தமாக இருப்பதும் ஊர் சுத்தமாக இருப்பதும் ஒன்றாகிவிடா.

இன்னொரு கணக்கு இதைவிட ஆழமாகக் குத்துகிறது. இதே நடத்தைப் பதிவேட்டு முறையைக் கையாண்ட 364 பள்ளிகளின் 2005-06ஆம் கல்வியாண்டுப் பதிவுகளை ஆராய்ந்த ரஸ்ஸல் ஸ்கிபாவும் அவர் குழுவினரும் 2011இல் முடிவை வெளியிட்டனர். தொடக்கப் பள்ளியில் வெள்ளைப் பிள்ளையைவிடக் கறுப்புப் பிள்ளை 2.19 மடங்கும், நடுநிலைப் பள்ளியில் 3.78 மடங்கும் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்படும் நிலையில் இருந்தது. ஒரே தவறு, ஒத்த தவறு. ஆயினும் கறுப்பருக்கும் இலத்தீன் அமெரிக்க வழியினருக்கும் வெளியேற்றம் அதிகம்!

பள்ளி முழுவதையும் சேர்த்து ஒரே தொகையாகக் காட்டினால் இது கண்ணில் படுமா? படாது. நூறு இருபதாகக் குறைந்துவிட்டது என்று விழா எடுக்கலாம். எஞ்சிய இருபதும் யார் முதுகிலே விழுந்தன என்று பிரித்துப் பார்த்தால்தான் விழா மேடை ஆடும். வெள்ளை நாட்டிலே அது நிறம். நம் நாட்டிலே அது எது என்று இந்த ஏட்டின் வாசகருக்கு நாம் சொல்லவும் வேண்டுமோ!

மரியாதை என்றால் என்ன?

அமெரிக்கப் பள்ளிச் சுவர்களில் எழுதப்படும் எதிர்பார்ப்புகளில் பெரும்பாலும் முதலிடம் பெறுவது மரியாதை. நல்ல சொல்தான். ஆனால் அச்சொல்லை நம் மண்ணிலே ஊன்றுமுன் மண்ணைப் பார்க்க வேண்டாமா? இங்கே தோளிலிருந்த துண்டு இடுப்பிற்கு இறங்கியது மரியாதை. காலிலிருந்த செருப்பு கைக்கு ஏறியது மரியாதை. வயதிலே பெரியவரைச் சிறுவன் ஒருமையில் அழைக்க, அவர் அவனைச் 'சாமி' என்றது மரியாதை! இந்த மரியாதையை மறுத்ததற்குப் பெயர்தான் சுயமரியாதை. எனவே, மரியாதையாய் இரு என்று பள்ளிச் சுவரில் எழுதினால், யார் யாருக்கு என்பதையும் சேர்த்தெழுத வேண்டும். ஆசிரியர் மாணவருக்குத் தரும் மரியாதை எது, சத்துணவுக் கூடத்திலே சமைக்கும் அம்மையாருக்கு ஊர் தரும் மரியாதை எது, அதையும் அளக்க வேண்டும். இல்லையேல் அச்சொல் பழைய துண்டைப் புதிய சலவையோடு இடுப்பிலே கட்டும்.

பரிசின் விலையையும் பார்ப்போம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் நடந்த ஆய்வு ஒன்று 1973இல் வெளியாயிற்று. தாமாகவே விரும்பிப் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், தந்தார்கள். சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது அக்குழந்தைகள் வரையும் ஆர்வத்திலே குன்றியிருந்தனர். பரிசே பேசப்படாத குழந்தைகளின் ஆர்வம் குன்றவில்லை. நல்லதைப் பரிசுக்காகச் செய்யப் பழகியவன், பரிசு நின்றதும் நல்லதையும் நிறுத்திவிடக்கூடும். மோட்சத்திற்காகத் தருமம் செய்பவனை நாம் எள்ளி நகையாடியதில்லையா? நட்சத்திர வில்லைக்காகத் தோழனுக்கு உதவும் சிறுவனையும் அந்த வழியிலே அனுப்பிவிடக் கூடாது.

நமது முற்றத்திலே

2023 ஆகஸ்டு 9. நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்கள் கூலிப்படையினரல்லர், உடன் படித்த பள்ளி மாணவர்கள்! தமிழகம் தலைகுனிந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூன் 18இல் அறிக்கை தரப்பட்டது.

அந்த அறிக்கையை நாம் ஏன் உயர்வாகக் கருதுகிறோம்? மாணவனைத் திருத்து என்று மட்டும் அது சொல்லவில்லை. பள்ளியைத் திருத்து என்றது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கு என்றது. கையிலே வண்ணக் கயிறு வேண்டா என்றது. சாதியைச் சுட்டி ஆசிரியர் மாணவரை அழைக்கக் கூடாது என்றது. 500 மாணவருக்கு மேற்பட்ட பள்ளிகளில் நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்றது. தனித்தனித் துறைகளின்கீழ்ச் சிதறிக்கிடக்கும் பள்ளிகளை ஒரே துறையின்கீழ்க் கொணர வேண்டும் என்றது. நந்தனை அளந்ததோடு நில்லாது கதவையும் அளந்த அறிக்கை அது! இதிலே ஒரு குறையும் உண்டு. வாரந்தோறும் அறநெறி வகுப்பு வேண்டும் என்ற பரிந்துரையை ஏற்கும்போது, அந்த அறத்தை நடத்துபவர் யார், பாடநூலை எழுதுபவர் யார் என்று விழிப்போடு இருக்க வேண்டும். அசோக் நகர்ப் பள்ளி நமக்குக் கற்பித்த பாடம் அது.

2024 நவம்பரில் மகிழ் முற்றம் என்னும் திட்டத்தை அரசுப் பள்ளிகளில் தொடங்கினார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்திணைப் பெயரால் மாணவர் குழுக்கள். குழுக்கட்கிடையே போட்டி, புள்ளி, பாராட்டு. குலப்பெயரால் பிரிந்தவரைத் திணைப்பெயரால் கலக்கும் எண்ணம் நெஞ்சைத் தொடுகிறது. வெவ்வேறு தெருக்களைச் சேர்ந்த இருவர் ஒரே முல்லையில் அமர்ந்து ஒரே வெற்றிக்காக உழைப்பார்களேயானால், அது ஆயிரம் சொற்பொழிவிற்கு மேல். ஆனால் அது நடந்ததா என்பதை எதைக்கொண்டு அறிவோம்? மருதம் 120 புள்ளி, நெய்தல் 95 புள்ளி என்று கரும்பலகையில் எழுதினால் போதுமா? மருதத்துப் பையனும் நெய்தலுக்குப் போகும் அவன் தெருக்காரனும் உணவு வேளையில் எவரோடு அமர்கிறார்கள்? குழுத்தலைவராக எத்தெருப் பிள்ளைகள் வருகிறார்கள்? இதை எண்ணுகிறவர் எவரேனும் உண்டா?

இன்னொன்று. அமைதியான வகுப்பை நல்ல வகுப்பென்று கருதும் மயக்கம் நம்மை விட்டபாடில்லை. சாதிவெறி கூச்சலிட்டுக்கொண்டா வருகிறது? கை கட்டி, வாய் பொத்தி, ஆசிரியருக்கு வணக்கம் சொல்லி, நன்னடத்தை ஏட்டிலே நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டே அது வளர முடியும். சலசலப்பு மட்டும் எண்ணப்படுமானால் சலசலப்பற்ற நஞ்சு தப்பிவிடும்.

சலசலப்பெல்லாம் நஞ்சுமன்று. 1965 சனவரி 27 அன்று, இதே சிதம்பரத்தில், இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் போலீசார் துப்பாக்கிக்கு இரையானார். அன்றைய நடத்தை ஏட்டிலே அவருக்கு என்ன குறிப்பு எழுதியிருப்பார்கள்? வகுப்பைப் புறக்கணித்தவர், கட்டளையை மீறியவர், கலகக்காரர்! இன்று அவருக்குச் சிலை நிற்கிறது. ஈரோட்டிலே அடங்காப் பிள்ளை என்று பெயரெடுத்து, பத்து வயதளவில் பள்ளிப்படிப்பை விட்ட ஒருவரைத்தான் நாம் பெரியார் என்கிறோம். ஏன் என்று கேட்கும் பிள்ளையையும் எட்டி உதைக்கும் பிள்ளையையும் ஒரே சிவப்பு மையால் குறிக்கும் ஏடு, பகுத்தறிவுக்குப் பகை ஏடு.

ஐந்து கேள்விகள்

அப்படியானால் எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளியில் எந்த நன்னடத்தைத் திட்டம் வந்தாலும், அது ஓரிகனிலிருந்து வந்ததாயினும் சென்னைத் தலைமைச் செயலகத்திலிருந்து வந்ததாயினும், ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: பெரியவர்களின் நடத்தை எண்ணப்படுகிறதா? எத்தனை அடி, எத்தனை வசை, எத்தனை முழங்கால் தண்டனை என்பதைப் பிள்ளைகளிடமே, பெயர் கேளாமல், ஆண்டிற்கு இருமுறையேனும் கேட்டறிகிறார்களா?

இரண்டாவது: தண்டனையும் பாராட்டும் எத்தரப்புப் பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிறார்களா? சாதியை ஒழிக்கப் புறப்பட்டவர் சாதிவாரிக் கணக்குக் கேட்பதா என்று சிலர் நகைப்பார்கள். காய்ச்சலை ஒழிக்க வந்த மருத்துவன்தான் காய்ச்சலை அளக்கிறான். வகுப்புவாரி உரிமை கேட்ட நாளிலிருந்து நாம் சொல்லும் விடை அது. வகுப்பாசிரியர் கையிலே அந்தக் கணக்கு இருக்க வேண்டா. மாவட்ட அளவிலே, பெயரின்றித் தொகுக்கப்பட்டால் போதும்.

மூன்றாவது: வெளியேறியவர் எண்ணப்படுகிறார்களா? டி.சி. கொடுத்து அனுப்பப்பட்டவனும், மனம் நொந்து நின்றுவிட்டவனும் கணக்கிலே வராவிட்டால், பள்ளி அமைதியாகத்தான் தோன்றும். பத்துப் பேரைக் கழித்துவிட்டு எஞ்சியவரின் நன்னடத்தையை மெச்சுவது மோசடி.

நான்காவது: பிள்ளையின் புகாருக்கு விடை வருகிறதா? 'மாணவர் மனசு' என்னும் பெட்டி பள்ளிகளிலே வைக்கப்பட்டிருக்கிறது. நல்ல ஏற்பாடு. எத்தனை நாளுக்கொருமுறை அது திறக்கப்படுகிறது, திறப்பவர் யார், எழுதிய பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்பனவே அதன் தரத்தைக் காட்டும். பூட்டிய பெட்டி கோயில் உண்டியல் போன்றது; போட்டவனுக்குக் கணக்குக் கிடைப்பதில்லை.

ஐந்தாவது: ஒப்பிட்டுப் பார்க்க வழி உண்டா? தொடங்குமுன் இருந்த நிலை குறிக்கப்பட்டதா? திட்டம் வராத பள்ளியோடு வைத்துப் பார்த்தார்களா? இல்லையேல், மழைக்கு யாகம் செய்து, பருவத்திலே பெய்த மழையை யாகத்தின் பயன் என்று கூறும் புரோகிதருக்கும் திட்டக்காரருக்கும் வேற்றுமை என்ன?

இக்கேள்விகளைக் கேட்க உங்களுக்கு இடம் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. உங்கள் அக்காவோ அண்ணியோ அதிலே உறுப்பினராக இருக்கக்கூடும். கூட்டத்திற்குப் போகச் சொல்லுங்கள், கேள்வியைக் கையிலே எழுதிக் கொடுங்கள். அரசு தொகுத்த கணக்கைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பெறுங்கள். கேட்கும்போது ஆசிரியரைப் பகைவராகக் கருதாதீர்கள். அறுபது பிள்ளைகளை ஓர் அறையிலே அடைத்து, அலுவலக வேலைகளையும் தலையிலே சுமத்தி, துணைக்கு ஓர் உளநல ஆலோசகரைக்கூடத் தராமல், பிரம்பை மட்டும் பறித்தால் அவரும் என்ன செய்வார்? பிரம்பைப் பறித்த கை வேறொன்றை அவரிடம் தர வேண்டும். அந்த வேறொன்றின் பெயர் பயிற்சி, ஆள்பலம், நேரம். இவற்றைத் தராத திட்டம் எவ்வளவு அழகான பெயர் சூட்டிக்கொண்டாலும் சுவரொட்டி மட்டுமே.

ஊக்கத் திட்டத்தை நாம் ஒதுக்கவில்லை. அடிக்காமல் வளர்க்க முடியும் என்பதை அது காட்டியிருக்கிறது. அந்தச் சான்றைக் கையிலே எடுத்துக்கொள்வோம். அளப்பவரை அளக்க அது மறந்தது. அந்த மறதியை நாம் நிரப்புவோம். அளவுகோலின் ஒருமுனை பிள்ளையை நோக்கட்டும். மறுமுனை பள்ளியை நோக்கட்டும்.

சிதம்பரத்து நந்தன் பணிந்தான், பொறுத்தான், உழைத்தான். நடத்தைத் தேர்விலே அவனைப்போல் தேறியவர் எவருமில்லை. அவனுக்குக் கிடைத்தது தீ. அவன் பெயர் கொண்ட பள்ளியிலே இன்று அமர்ந்திருக்கும் பிள்ளை, பணிந்துதான் மதிப்பைப் பெற வேண்டும் என்பதில்லை. மதிப்பு அவனுக்கு உரிமை, பரிசன்று. நாளைப் போகலாம் என்று அவனிடம் இனி எவரும் சொல்ல வேண்டா. நாளைக்கு என்று தள்ளித் தள்ளியே ஒரு சமுதாயத்தை நெருப்பு வரை கொண்டுபோனார்கள். கதவு இன்று திறக்கட்டும்; திறந்ததா என்பதை நாமே நேரிற் சென்று பார்ப்போம்.